200 பார் பிரஸ் சிலிண்டர்: எதை 2டி-யில் முடிக்கலாம், எதற்கு 3டி வேண்டும்

பெங்களூரு பீன்யாவில் ஜாப் ஒர்க் எடுக்கும் பட்டறைகளுக்கு ஹைட்ராலிக் பிரஸ் சிலிண்டர் புதிய வேலை இல்லை. அழுத்தத்தை அது தாங்குமா என்று கம்ப்யூட்டரில் கணக்கிட டிராயிங் மேஜைக்கு வந்ததும் பெரும்பாலும் எழும் பேச்சு, "முழு அசெம்பிளியையும் 3டி-யில் ஏற்றி ரன் பண்ணிடலாமே சார்" என்பதுதான். கம்ப்யூட்டர் வேகமாகிவிட்டது, மென்பொருளும் தானாக மெஷ் (பாகத்தை எலிமென்ட் எனும் சிறு துண்டுகளாகப் பிரிக்கும் வலை; அவை இணையும் புள்ளி நோடு) போட்டுவிடுகிறது. அப்புறம் எதற்கு 2டி என்று தோன்றுவது இயல்பு. ஆனால் மாடல் எத்தனை பரிமாணம் என்பதைப் பாகத்தின் உருவத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. அந்தப் பாகத்தைப் பற்றி என்ன கேட்கிறோம் என்பதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஒரே சிலிண்டருக்குள் ஒரு கேள்விக்கு 2டி போதும், பக்கத்திலேயே இருக்கும் இன்னொரு கேள்விக்கு 2டி கொடுக்கும் பதில் முழுப் பொய். கீழே வரும் பதிவு அப்படிப்பட்ட ஒரு சிலிண்டரை வரிசையாக எடுத்துச் செய்த முறை. பயன்படுத்தியது வரைய ஃப்ரீகேட், மாடல் அமைக்க பிரீபோமேக்ஸ், கணக்கைத் தீர்க்க கால்குலிக்ஸ், மூன்றும் இலவசம்.

சிலிண்டரின் அளவுகள்: எஸ்டி52 எஃகு ஹோன்டு டியூப் (உள்சுவரைத் தேய்த்து வழவழப்பாக்கியது), உள்விட்டம் 100 மிமீ, வெளிவிட்டம் 140 மிமீ, உள் நீளம் 400 மிமீ. வேலை அழுத்தம் 200 பார், டெஸ்ட் 300 பார். மேல்மூடி 30 மிமீ தடிமன், உள்மூலையில் 5 மிமீ ரேடியஸ். மூடியைத் தட்டைப் பிளேட்டாக வெட்டி மூலையிலேயே வெல்டு வைக்கவில்லை. 20 மிமீ பாவாடையோடு (கீழ்நோக்கி நீளும் வளையச் சுவர்) ஒரே துண்டாகக் கடைந்து, வெல்டை மூலையிலிருந்து தள்ளி டியூப் சுவரில் வைத்திருக்கிறது. எண்ணெய் போகும் போர்ட் 16 மிமீ துளை. அதன் மையம் மூடியின் உள்முகத்திலிருந்து 45 மிமீ. கீழ்ப்பக்கப் பிளாஞ்ச் (போல்ட் போடும் விளிம்பு வளையம்) பிரேமின் மேல்பிளேட்டில் மேலிருந்து உட்கார்ந்து 8 எம்16 போல்ட்டுகளால் பிடிக்கப்படுகிறது, போல்ட் வட்டம் 180 மிமீ.

அலகு மிமீ, நியூட்டன், எம்பிஏ. அழுத்தப் பெட்டியில் 200 அல்ல, 20 போட வேண்டும்.

கேட்க வேண்டியவை நான்கு. அழுத்தத்தில் சிலிண்டரின் உள்துளை எவ்வளவு விரியும், அதனால் பிஸ்டன் சீலின் இடைவெளி என்ன ஆகும்? மூடியின் உள்மூலை தாங்குமா? போர்ட் துளையின் விளிம்பு தாங்குமா? பிளாஞ்ச் எவ்வளவு வளையும்? முதல் இரண்டும் 2டி. மூன்றாவதற்கு 3டி இல்லாமல் முடியாது. நான்காவது நடுவில் நிற்கிறது.

முதலில் கைக்கணக்கு

மென்பொருளைத் திறப்பதற்கு முன், தடித்த சுவர் சிலிண்டருக்கான லாமே சூத்திரத்தில் ஐந்து எண்களை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். உள் ஆரம் 50, வெளி ஆரம் 70, அழுத்தம் 20. உள்சுவரில் சுற்றுத் தகைவு (சுற்றுவாட்டில் சுவரை இழுக்கும், ஓரலகுப் பரப்புக்கான விசை) 61.7 எம்பிஏ, வெளிச்சுவரில் 41.7. ஆரத் தகைவு உள்ளே கழித்தல் 20, வெளியே பூஜ்யம். மூடியை அழுத்தம் மேலே தள்ள, பிளாஞ்ச் கீழே பிடித்திருப்பதால் டியூப் நீளவாட்டில் இழுபடுகிறது. அந்தத் தகைவு 20.8. உள்சுவரில் வான் மிசஸ், அதாவது எல்லாத் திசைத் தகைவுகளையும் சேர்த்து உலோகத்தின் தாங்கும் எல்லையோடு ஒப்பிடும் ஒற்றை எண், 70.7. மூடியின் மேலுள்ள மொத்த விசை 157 கிலோநியூட்டன், அதாவது 16 டன்.

உள்துளையின் விரிவு, ஆரத்தில் 0.0146 மிமீ. இதே டியூப்பின் குறுக்குவெட்டைத் தளத் திரிபு மாடலாகப் (நீளவாட்டில் நீட்சியே இல்லை என்று கொள்வது) போட்டால் 0.0152 வரும், தளத் தகைவாகப் (நீளவாட்டுத் தகைவே இல்லை என்று கொள்வது) போட்டால் 0.0161 வரும். மூன்றும் வேறுபடக் காரணம் நீளவாட்டுத் தகைவு மட்டுமே: உண்மையில் 20.8, தளத் திரிபில் 12.5, தளத் தகைவில் பூஜ்யம். 2டி என்று சொன்னால் போதாது, எந்த 2டி என்று சொல்ல வேண்டும் என்பது இதனால்தான். மெல்லிய தகட்டுக்குத் தளத் தகைவு, இரு முனையும் நகர முடியாத நீண்ட பொருளுக்குத் தளத் திரிபு, சுழற்றி உருவாகும் பொருளுக்கு அச்சுச் சமச்சீர். இந்தச் சிலிண்டருக்கு மூன்றாவதுதான் சரி.

ஆனாலும் முதல் கேள்விக்கு இந்த வித்தியாசம் முக்கியமா என்று பார்க்க வேண்டும். உள்துளையின் டாலரன்ஸ் (அனுமதித்த அளவு விலக்கு) எச்8 என்றால் அதிகபட்சம் 54 மைக்ரான் கூடுதல். பிஸ்டன் எஃப்7 என்றால் அதிகபட்சம் 71 மைக்ரான் குறைவு. விட்டத்தில் மோசமான இடைவெளி 125 மைக்ரான். அழுத்தம் ஏறும்போது அதோடு 29 சேர்ந்து 154 ஆகும். தளத் தகைவுக் கணக்கில் 157 ஆகும். மூன்று மைக்ரானுக்காக யாரும் சீலை மாற்றப்போவதில்லை. முதல் கேள்விக்குக் கைக்கணக்கே போதும். அச்சுச் சமச்சீர் மாடல் அதைச் சரிபார்க்கத்தான்.

அச்சுச் சமச்சீர் மாடல்

பிரீபோமேக்ஸில் புது மாடல் திறக்கும்போதே 2டி அச்சுச் சமச்சீர் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். கால்குலிக்ஸில் ஒய் சுழற்சி அச்சு, எக்ஸ் ஆரம். வரைந்த பாதிவெட்டு முழுவதும் எக்ஸ் பூஜ்யத்துக்கு வலப்பக்கம் இருக்க வேண்டும்; ஃப்ரீகேடில் இசட் அச்சைச் சுற்றிச் சுழற்றி வரைந்த பழக்கத்தில் அப்படியே ஏற்றினால் மாடல் ஓடாது, அல்லது வேறொரு பொருளாக ஓடும்.

எட்டு நோடு நாற்கர எலிமென்ட், சுவரில் 2 மிமீ அளவு. 20 மிமீ சுவருக்குக் குறுக்கே பத்து, 400 மிமீ நீளத்துக்கு இருநூறு. டியூப்புக்கு 2,000 எலிமென்ட், சுமார் 6,400 நோடு. சில நொடியில் முடியும். இதே 2 மிமீ அளவில் முழு டியூப்பையும் அறுமுக எலிமென்டால் 3டி-யில் நிரப்பினால் 3,77,000 எலிமென்ட், ஏறக்குறைய 15 லட்சம் நோடு, 45 லட்சம் சமன்பாடு. 16 ஜிபி லேப்டாப்பில் நேரடித் தீர்வி (சமன்பாடுகளை ஒரேயடியாகத் தீர்க்கும் நிரல்) அதைத் தாங்காது. தாங்கும்படி எலிமென்டைப் பெரிதாக்கினால் மூலையில் ரேடியஸே காணாமல் போகும். மூடி மூலைக்கு 3டி போட்டால் பதில் மோசமாவதற்குக் காரணம் இதுதான்: அச்சைச் சுற்றி எதுவும் மாறாத திசையில் கணக்கையெல்லாம் செலவழித்துவிட்டு, தகைவு வேகமாக மாறும் மூலைக்கு எலிமென்ட் மிஞ்சுவதில்லை.

5 மிமீ ரேடியஸின் வில் நீளம் 7.85 மிமீ. அதன் மேல் பத்து எலிமென்ட் வருமாறு 0.8 மிமீ கொடுத்து, அங்கிருந்து படிப்படியாக 2 மிமீக்குப் போக வேண்டும். பிறகு 0.4-க்குக் குறைத்து மறுபடி ஓட்டவேண்டும். உச்சத் தகைவு 2, 3 சதவீதத்துக்குள் நின்றால் அந்த எண்ணை எடுத்துக்கொள்ளலாம்.

டிராயிங்கில் ரேடியஸ் காட்டாமல் கூர்மூலையாக விட்டிருந்தால் இந்தச் சோதனை ஒருபோதும் நிற்காது. 90 டிகிரி உள்மூலையில் கோட்பாட்டின்படி தகைவுக்கு எல்லை கிடையாது. எலிமென்ட் அளவைப் பாதியாக்கும் ஒவ்வொரு முறையும் உச்சம் சுமார் 37 சதவீதம் ஏறும். அந்தச் சிவப்புப் புள்ளியைப் பார்த்துவிட்டுத் தடிமனை ஏற்றுபவர்கள் உண்டு. தடிமன் அங்கே மருந்து இல்லை, ரேடியஸ்தான் மருந்து. கடைசலில் டூல் நுனி ரேடியஸ் எவ்வளவு என்று பட்டறையில் கேட்டு அதையே மாடலில் வைப்பது நல்லது.

ஓட்டிய பின் முதலில் பார்க்க வேண்டியது வண்ணப் படம் அல்ல, எதிர்விசை. பிளாஞ்சின் நீளவாட்டு எதிர்விசை 157 கிலோநியூட்டன் வர வேண்டும். 25 வந்தால் அந்த மென்பொருள் ஒரு ரேடியனுக்குக் கணக்குச் சொல்கிறது என்று அர்த்தம். புள்ளிவிசையை முழுச் சுற்றுக்குக் கொடுப்பதா ரேடியனுக்குக் கொடுப்பதா என்பது மென்பொருளுக்கு மென்பொருள் மாறும், இந்த ஒரு எண் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். அடுத்து, மூடியிலிருந்தும் பிஸ்டனிலிருந்தும் தள்ளிய இடத்தில் உள்சுவர் சுற்றுத் தகைவு 61.7. கால்குலிக்ஸில் இது இசட்-இசட் கூறு. மூடியின் வெளிமுக மையத்தில் வளைவுத் தகைவு, விளிம்பு இறுகப் பிடித்த வட்டத் தகட்டுக்கு 27, சும்மா தாங்கிய தகட்டுக்கு 69. உண்மை இவற்றுக்கு நடுவில் விழும். வெளியே விழுந்தால் மாடலில் எதோ தப்பு.

அழுத்தத்தைப் பிஸ்டன் சீல் வரைதான் கொடுக்க வேண்டும். பிளாஞ்ச் வரை இழுத்துவிட்டால் விசை மாறாது, ஆனால் அழுத்தமே இல்லாத கீழ்ப்பகுதியும் விரிந்து, பிளாஞ்ச் வளைவு தப்பாக வரும்.

போர்ட்டை 2டி-யில் வரைந்தால் என்ன ஆகும்

இங்கேதான் நல்ல அனுபவம் உள்ளவர்களும் சறுக்குகிறார்கள். அச்சுச் சமச்சீர் மாடலில் சுவரில் 16 மிமீ வெட்டு வைத்தால் அது துளை இல்லை. குயவன் சக்கரத்தில் சுழலும் மண்ணில் கத்தி வைத்ததுபோல் அது சுற்றிலும் ஓடி, சிலிண்டரை இரண்டு துண்டாக அறுத்துவிடும். நல்ல வேளையாக இதில் தீர்வி பெரும்பாலும் பிழை சொல்லி நிற்கும், மேல்துண்டைப் பிடிக்க எதுவும் இல்லாததால்.

குறுக்குவெட்டைத் தளத் திரிபில் எடுத்து ஒரு பக்கம் 16 மிமீ வெட்டு வைப்பது இதைவிட ஆபத்து. அங்கே துளை என்பது டியூப்பின் நீளம் முழுவதும் ஓடும் பிளவு. வளையம் வெட்டுப்பட்டு வாய் பிளந்து விரியும். பிழைச் செய்தி வராது. அழகான படம், நம்ப முடியாத எண். 2டி-யில் வரையும் ஒவ்வொரு கோட்டுக்கும் முன்னால் இந்த ஒரு கேள்வி வேண்டும்: இது சுழன்றால் அல்லது நீண்டால் என்னவாகும்?

போர்ட்டைத் தனித்துளையாகக் கருத இன்னொரு வழி உண்டு. இரு திசையிலும் இழுபடும் சுவரில் சிறிய துளை இருந்தால், அதன் விளிம்பில் உச்சத் தகைவு: சுற்றுத் தகைவின் மூன்று மடங்கிலிருந்து நீளவாட்டுத் தகைவைக் கழித்து, துளைக்குள் இருக்கும் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். டியூப்பின் நடுவில் இது 185 கழித்தல் 20.8 கூட்டல் 20, அதாவது 184 எம்பிஏ. சாதாரண சுவரைப்போல மூன்று மடங்கு. அந்தப் புள்ளியில் வான் மிசஸ் 204. 300 பார் டெஸ்டில் 306. எஸ்டி52-இன் குறைந்தபட்ச ஈல்டு (நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் தகைவு) 355 என்று எடுத்தால் தாங்கும், ஆனால் இடம் அதிகம் இல்லை. அதோடு பிரஸ் ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் பூஜ்யத்திலிருந்து 184 வரை ஏறி இறங்குகிறது. விரிசல் தொடங்கினால் இங்கிருந்துதான் தொடங்கும்.

ஆனால் நம் போர்ட் டியூப்பின் நடுவில் இல்லை. மூடி சுவரை விரியவிடாமல் பிடிக்கிறது. அந்தப் பிடிப்பின் தாக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. சராசரி ஆரம் 60-ஐயும் சுவர் 20-ஐயும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 34.6, 1.285-ஆல் வகுத்தால் 27. அதன் பை மடங்கு 85 மிமீ. அந்தத் தூரத்தில் தாக்கம் சுமார் 4 சதவீதமாகத் தேய்ந்துவிடும். போர்ட் 45 மிமீயில் இருக்கிறது. ஆகவே மூடியின் பிடிப்பும் துளையின் குவிப்பும் ஒன்றோடொன்று கலக்கும் இடம் அது. போர்ட் 100 மிமீக்கு அப்பால் இருந்திருந்தால் கைக்கணக்கோடு நிறுத்தியிருக்கலாம். நடைமுறையில் எந்தச் சிலிண்டரிலும் போர்ட் மூடிக்குப் பக்கத்தில்தான் இருக்கும், ஸ்ட்ரோக் வீணாகக் கூடாது என்பதால்.

3டி-க்குப் போகும் முன் இடைப்பட்ட ஒரு படி செய்து வைப்பது பெரிய உதவி: துளையில்லாத அச்சுச் சமச்சீர் முடிவில், 45 மிமீ உயரத்தில் உள்சுவரின் சுற்றுத் தகைவையும் நீளவாட்டுத் தகைவையும் படித்து, மேலே சொன்ன சூத்திரத்தில் போட்டு ஒரு எண் எடுத்து வைக்க வேண்டும். 3டி முடிவை அதோடுதான் ஒப்பிடப்போகிறோம்.

3டி மாடல், தேவையான அளவு மட்டும்

முழு சிலிண்டர் வேண்டாம். போர்ட்டின் அச்சும் சிலிண்டரின் அச்சும் சேர்ந்த தளத்தில் பாதியாக வெட்டலாம். கால்பங்காக வெட்ட முடியாது; போர்ட் ஒரு பக்கம்தான் இருக்கிறது. நீளத்தில் மூடியின் உள்முகத்திலிருந்து 150 மிமீயில் வெட்டிவிடலாம், போர்ட்டிலிருந்து அது 105 மிமீ தள்ளி இருக்கிறது. பிளாஞ்ச், போல்ட், மரை, கிளாண்ட் (ராடு வெளிவரும் பக்க மூடி) எல்லாம் போய்விட்டன.

சிலிண்டர் அச்சை ஒய்-யாகவும், வெட்டுத் தளத்தை எக்ஸ்-ஒய் தளமாகவும் வைக்க வேண்டும். காரணம்: துளை விளிம்பில் உச்சம் வரும் இரு புள்ளிகளும், துளையின் மேலும் கீழும், சரியாக இந்தத் தளத்தில் விழுகின்றன, அங்கே சுற்றுத் திசையும் இசட் திசையும் ஒன்றே. 2டி-யின் இசட்-இசட் கூறும் 3டி-யின் இசட்-இசட் கூறும் நேரடியாக ஒப்பிடக் கிடைக்கும், உருளை ஆயங்களுக்கு மாற்றவே வேண்டியதில்லை. வேறு மாதிரி வைத்துவிட்டு எக்ஸ்-எக்ஸ் தகைவைச் சுற்றுத் தகைவென்று படிப்பது 3டி-யில் அடிக்கடி நடக்கும் தப்பு.

பிடிப்பு: சமச்சீர் தளத்தில் இசட் நகர்வு பூஜ்யம், 150 மிமீ வெட்டுமுகத்தில் ஒய் நகர்வு பூஜ்யம். வெட்டுமுகம் ஆரவாட்டில் சுதந்திரமாக விரிய வேண்டும். முழுதாக இறுக்கினால் அங்கே இன்னொரு மூடி வைத்ததுபோல் ஆகிவிடும். மிச்சம் எக்ஸ் திசையில் நகர்வது ஒன்றுதான். மூடி மையத்தில் அச்சின் மேலிருக்கும் ஒரே ஒரு நோடில் எக்ஸ் பூஜ்யம் கொடுத்தால் போதும். அழுத்தம் சிலிண்டரின் உள்துளை, மூடி, போர்ட்டின் உள்சுவர், பாஸ் (போர்ட்டின் மேல் டியூப்பில் வெல்டு செய்த மரைத் துண்டு) உள்ளே சீல் வரைக்கும். போர்ட்டை அடைக்கும் பிளக் தன் மேல் வாங்கும் தள்ளுவிசையை மரைப் பகுதியில் வெளிநோக்கிக் கொடுக்க வேண்டும்.

அந்தத் தள்ளுவிசையை மறந்துவிட்டால் ஒற்றை நோடு காட்டிக்கொடுக்கும். 16 மிமீ துளையின் பரப்பு 201 சதுர மிமீ. பிளக் இல்லாவிட்டால் எதிர்ச்சுவரின் மேல் 4 கிலோநியூட்டன் ஈடில்லாமல் நிற்கும், பாதி மாடலில் 2. அந்த நோடின் எக்ஸ் எதிர்விசை 2,000 நியூட்டன் என்று வந்தால் பிளக் விசை விட்டுப்போயிருக்கிறது. பூஜ்யத்துக்கு அருகில் வந்தால் சரி. வெட்டுமுகத்தின் ஒய் எதிர்விசை 78.5 கிலோநியூட்டன்.

மெஷ் பத்து நோடு டெட் (நான்முக எலிமென்ட்), கால்குலிக்ஸில் சி3டி10. பொதுவாக 5 மிமீ, போர்ட் விளிம்பைச் சுற்றி 2, 1, 0.5 என்று மூன்று ஓட்டம். நான்கு நோடு டெட் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம், வளைவில் அது கெட்டியாக நின்று தகைவைக் குறைத்துக் காட்டும். துளை விளிம்பு கூராக இருந்தாலும் பரவாயில்லை. அங்கே உலோகம் 90 டிகிரி மூலை, 270 டிகிரி அல்ல, ஆகவே தகைவு எல்லையில்லாமல் ஏறாது, மெஷ் நுணுகினால் ஒரு எண்ணில் நிற்கும். பாஸை டியூப்போடு சேர்க்கும் வெல்டின் ஓரம் அப்படி இல்லை, அந்தச் சிவப்பைத் தனியாகப் பார்க்க வேண்டும். பட்டறையில் துளையின் உள்விளிம்பை 1.5, 2 மிமீ ரேடியஸ் வைத்து மெருகேற்றச் சொல்ல வேண்டும். பர் (வெட்டியதில் மிஞ்சிய கூர்ப்பிசிறு) ஒட்டிய விளிம்புக்கு மேலே வந்த எந்தக் கணக்கும் பொருந்தாது.

முதல் ஓட்டத்தை உண்மையான டிராயிங்கில் செய்ய வேண்டாம். நீண்ட டியூப், நடுவில் சிறிய 4 மிமீ துளை, அதே மெஷ் முறையை அளவுக்கேற்பச் சுருக்கி ஓட்டினால் 184-க்கு அருகில் வர வேண்டும். வந்தால் மெஷ் முறையை நம்பலாம். அதன்பின் உண்மை மாடல். அதிலும் போர்ட்டுக்கு நேர் எதிர்ப்பக்கம், 180 டிகிரியில், உள்சுவர் நெடுக இசட்-இசட் தகைவை எடுத்து அச்சுச் சமச்சீர் முடிவின் மேல் வரைய வேண்டும். இரு கோடுகளும் ஒன்றின் மேல் ஒன்று விழ வேண்டும். விழாவிட்டால் போர்ட்டின் எண்ணைப் படிக்கவே கூடாது.

பிளாஞ்சும் போல்ட்டும்

எட்டுப் போல்ட் அச்சுச் சமச்சீர் இல்லை. ஆனால் பிளாஞ்ச் எவ்வளவு வளையும் என்ற அளவுக்குக் கேட்டால் போல்ட்டுகளை வளையமாகப் பரப்பிவிடலாம். எம்16-இன் தகைவுப் பரப்பு 157 சதுர மிமீ, எட்டுக்கு 1,256. 180 விட்டத்தில் 16 அகல வளையத்தின் பரப்பு 9,048. விகிதம் 0.139, வளையத்தின் நீளவாட்டு மீள்மைக் குணகம் (விறைப்பைச் சொல்லும் எண்) எஃகின் 2,10,000 அல்ல, 29,150. சுற்றுத் திசையில் குணகத்தை மிகச் சிறியதாகக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தனித்தனிப் போல்ட்டுகள் ஒரு பட்டையாகச் சேர்ந்து பிளாஞ்சைத் தாங்கிவிடும். போல்ட் ஒன்றுக்கு 19.6 கிலோநியூட்டன் நேர்விசை. போல்ட்டின் வளைவுத் தகைவு வேண்டுமென்றால் இந்த மாடல் பேசாது. பதினாறில் ஒரு பங்கு, 22.5 டிகிரி, 3டி துண்டு போதும்.

அச்சுச் சமச்சீர் மாடல் வாயே திறக்காத விஷயங்கள் இன்னும் உண்டு. வேலைப்பொருள் மையம் விலகி இருந்தால் வரும் பக்கவாட்டுச் சுமை, ராடு வளைந்து ஒடிவது, வெளியழுத்தத்தில் டியூப் மடல் மடலாக நசுங்குவது எதுவும் அதில் தெரியாது, ஏனென்றால் அவற்றின் உருவமே அச்சைச் சுற்றிச் சமமாக இல்லை. 

டெஸ்டில் சரிபார்ப்பது

300 பார் ஹைட்ரோ டெஸ்டின்போது நீட்சியை அளக்கும் இரண்டு ஸ்ட்ரெயின் கேஜ் ஒட்டினால் போதும்: வெளிச்சுவரில், மூடியிலிருந்தும் பிளாஞ்சிலிருந்தும் 85 மிமீக்கு மேல் தள்ளி, போர்ட்டுக்கு எதிர்ப்பக்கம், ஒன்று சுற்றுத் திசையில், ஒன்று நீளவாட்டில். 200 பாரில் சுற்றுத் திசையில் 169 மைக்ரோஸ்ட்ரெயின் (நீளத்தில் பத்து லட்சத்தில் 169 பங்கு), நீளவாட்டில் 40; 300 பாரில் 253, 60. இரண்டும் நீட்சி. நீளவாட்டுக் கேஜ் மட்டும் எதிர்க்குறியில், 200 பாரில் கழித்தல் 60 பக்கம் காட்டினால், டியூப் இழுபடவில்லை: டெஸ்ட் ரிக் மூடியை மேலிருந்து தாங்கி, 16 டன்னையும் டியூப் வழியே போகவிடாமல் நேராக வாங்கிக்கொள்கிறது. அப்படியானால் மூடியையும் மூலையையும் அந்த டெஸ்ட் சோதிக்கவே இல்லை. ரிக்கை மாற்றி, பிளாஞ்சை மட்டும் பிடித்து மறுபடி அழுத்தம் ஏற்ற வேண்டும்.